நாலு பரப்பும் ஒரு போனும்

தோட்டம் எனக்குச் சீதனத்தில் வந்தது. உரும்பிராயில், நல்ல செம்பாட்டு மண்ணில், நாலு பரப்பு. உறுதி மனைவியின் பெயரில் இருக்கிறது. நட்டம் மட்டும் என் பெயரில் எழுதப்படுகிறது. நான் கந்தோரில் இலிகிதராக இருந்த காலமெல்லாம் அதை மனைவியின் தாய்மாமன்தான் செய்துவந்தார். ஓய்வு பெற்ற கையோடு, ஒரு கலியாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், "இனி நானே தோட்டத்தைப் பாக்கிறன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லித் தொலைத்துவிட்டேன். வெங்காயத்தைத் தலைகீழாக நடக்கூடாது என்ற அளவுக்கு அப்போது எனக்கு விவசாயம் தெரிந்திருந்தது.

மாமாவின் தோட்டம் அடுத்த காணி. கிணறும் பங்குக் கிணறு. ஆகவே நான் விடும் பிழை ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி உண்டு. மாமா வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை. மண்வெட்டிப் பிடியில் கையை ஊன்றிக்கொண்டு, "ம்... செய்யும், செய்யும்" என்பார். முதலாவது "செய்யும்" பரவாயில்லை. இரண்டாவதுதான் சுடும்.

கேட்டிருந்தால் எல்லாம் சொல்லித் தந்திருப்பார். எனக்குத்தான் கேட்க வெட்கம். வெங்காயத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருக்கால் இறைக்கிறது என்று தலை நரைத்த பிறகு எப்படிக் கேட்பது? அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஒரு புதுப் போன் அனுப்பினான். இலையைப் படம் எடுத்தால் நோயைச் சொல்லும் செயலி ஒன்று, எதைக் கேட்டாலும் தமிழில் பதில் எழுதும் செயலி ஒன்று, இரண்டையும் அதிலே போட்டிருந்தான். "அப்பா, இனி நீங்கள் ஆரையும் கேக்கத் தேவையில்லை" என்றான். செயற்கை நுண்ணறிவு உலக விவசாயத்தை எப்படி மாற்றும் என்று அறிஞர்கள் என்னென்னவோ எழுதுகிறார்கள். நான் அதற்குள் வந்த காரணம் இந்த ஒரு வசனம்தான்.

வெங்காயத் தாளில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள் விழுந்து, நுனி காய்ந்து வளையத் தொடங்கியிருந்தது. ஒரு தாளைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தேன். செயலி கொஞ்சம் யோசித்துவிட்டு, கோதுமைத் துருநோய் என்றது. யாழ்ப்பாணத்தில் கோதுமை பாணாக மட்டுமே விளைகிறது. நிழலில் வைத்து எடுத்தால் பொஸ்பரஸ் குறைபாடு என்றது. கடைசியில் என் பெருவிரலும் சேர்ந்து விழுந்த ஒரு படத்துக்கு, "உங்கள் பயிர் ஆரோக்கியமாக உள்ளது" என்று பச்சை எழுத்தில் வாழ்த்துச் சொன்னது. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதையே முடிவாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

அடுத்த முறை படம் எடுக்கக் குனிந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "என்ன தம்பி, வெங்காயத்துக்குக் கலியாண அல்பமோ எடுக்கிறீர்?"

சமாளித்துப் பார்த்தேன். மாமா கேட்டுக்கொண்டே ஒரு வெங்காயத்தைப் பிடுங்கினார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கழுத்தடியை இரண்டு பெருவிரல்களாலும் மெல்ல விரித்தார். "உந்தப் போனை மல்லாத்திப் பிடியும்" என்றார். பிடித்தேன். வெங்காயத்தை அதன் கண்ணாடிக்கு மேலே தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார். மங்கல் மஞ்சளாக, கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் அளவில் ஏழெட்டுப் பூச்சிகள் விழுந்து, "ஆரோக்கியமாக உள்ளது" என்ற எழுத்துகளுக்கு மேலே ஓடித் திரிந்தன.

"பனிப்பூச்சி. வெயில் எறிச்சால் கழுத்துக்குள்ளை ஒளிச்சிருக்கும். தாளைப் பாத்துத் தெரியாது, விரிச்சுப் பாக்கவேணும்" என்றார். போகும்போது என் கையிலிருந்த போனின் கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் போனார். அந்த மரியாதை எனக்கு இன்னும் சுட்டது.

போனைத் திட்டிக்கொண்டு, இந்த வித்தை எப்படித்தான் வேலை செய்கிறது என்று தேடி வாசித்தேன். இந்த வகைச் செயலிகளின் பூர்வீகத்தில் பிளான்ட்வில்லேஜ் என்ற படத்தொகுப்பு ஒன்று இருக்கிறது. 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 இலைப் படங்கள். அதைக் கொண்டு பழக்கிய கணினி, அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்திருந்த படங்களைக் காட்டியபோது 99.35 வீதம் சரியாகச் சொன்னது. 2016இல் மொகந்தி, ஹியூஸ், சலாத்தே என்ற மூவர் எழுதிய கட்டுரை அது. பத்திரிகைகள் எல்லாம் அந்த 99ஐத் தூக்கிப் பிடித்தன. அதே கட்டுரையில், வேறு இடத்துப் படங்களைக் காட்டினால் 31 வீதத்துக்கு விழுந்துவிடுகிறது என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். காரணம், பழக்கிய படங்களில் இலை தனியாக, வெறும் பின்னணியில் கிடந்தது. என் படத்தில் உள்ளங்கை, ஆயுள் ரேகை, கலியாண மோதிரம் எல்லாம் கிடந்தன.

அந்த 14 பயிர் என்னென்ன என்றும் பார்த்தேன். அப்பிள், செரி, பீச், ஸ்ரோபெரி, புளூபெரி, ராஸ்பெரி. எங்கள் பக்கம் தெரிந்த முகங்களாகத் தக்காளி, உருளைக்கிழங்கு, சோளம், முந்திரிகை இருந்தன. குடமிளகாய்கூட இருந்தது. வெங்காயம் இல்லை, கத்தரி இல்லை, மரவள்ளி இல்லை, புகையிலை இல்லை. யாழ்ப்பாணத்தான் தலைமுறை தலைமுறையாக எதை விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தானோ அது ஒன்றும் இல்லை.

இதோடு நின்றிருந்தால் இயந்திரத்தின் தலையில் பழியைப் போட்டு நான் தப்பியிருப்பேன். ஆனால் அதே ஹியூஸ் ஆட்கள் பிறகு ஆபிரிக்காவுக்குப் போய், மரவள்ளித் தோட்டத்திலேயே நின்று படம் எடுத்து, நுரு என்று இன்னொரு செயலி செய்தார்கள். இணையம் இல்லாத இடத்திலும் ஓடும். 2020இல் அதைப் பரீட்சித்தபோது மரவள்ளி நோய்களை அது 65 வீதம் சரியாகச் சொன்னது. விவசாய அலுவலர்கள் சொன்னது 40 முதல் 58 வரை. கமக்காரர்கள் 18 முதல் 31 வரை. ஒரு செடியில் ஒரு இலையோடு நிற்காமல் ஆறு இலை காட்டினால் செயலியின் புள்ளி இன்னும் ஏறியது. என்னை அந்தப் பரீட்சையில் இருத்தியிருந்தால், மரவள்ளி எது ஆமணக்கு எது என்ற முதல் கேள்வியிலேயே எழுப்பி அனுப்பியிருப்பார்கள். தான் பார்த்துப் பழகிய இலையென்றால் போன் கெட்டிக்காரன். எங்களுடைய இலையை அதற்கு ஒருவரும் காட்டவில்லை. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானம் போகப் போவது இதிலேதான்.

பசளைக் கணக்குக்கு மற்றச் செயலியைக் கேட்டேன். "உங்கள் நிலத்தின் பரப்பு எவ்வளவு?" என்றது. "நாலு பரப்பு" என்று எழுதினேன். அது நாலு ஏக்கர் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. எங்களுக்கு 16 பரப்பு ஓர் ஏக்கர். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கணக்கைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் இதைப் பார்த்ததும் பிடித்திருக்க வேண்டாமா? பிடிக்கவில்லை. பட்டியல் அவ்வளவு வடிவாக, வரிவரியாக, உதாரணத்தோடு வந்திருந்தது. அதை ஒரு துண்டில் என் கந்தோர்க் கையெழுத்தில் பிரதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைப் பெடியன் துண்டை வாசித்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தான். "ஐயா, லொறியை எங்கை விட்டிருக்கிறியள்?"

"சும்மா விலை கேக்க வந்தனான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

சிரிக்கிற விஷயந்தான். ஆனால் அவன் லொறியைக் கேட்காமல் ஏற்றி விட்டிருந்தால்? எங்கள் செம்பாட்டுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். மேலே போட்டது கீழே இறங்க அதிக நாள் எடுக்காது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிவிட்டது என்று 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய தோட்டக் கிணறுகள் இங்கே எத்தனையோ. அதற்குப் போனைக் குற்றம் சொல்ல முடியாது. போன் வருவதற்கு முன்னரே நாங்கள் கையாலேயே கூடப் போட்டுப் பழகியவர்கள்.

அந்தச் செயலியின் தமிழ் நல்ல தமிழ். ஆனால் அது குடியிருப்பது அக்கரையில். கோயம்புத்தூரில் உருவாக்கிய இரகங்களை நடச் சொல்லும். சந்தேகம் என்றால் "அருகிலுள்ள வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகவும்" என்னும். அணுகலாம், பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது. ஒரு வெங்காயத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏற மனைவி விடமாட்டா. எங்களுக்குக் கமநல சேவை நிலையம் சைக்கிள் ஓடும் தூரத்தில் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்துக்கு 1920 என்று ஒரு தொலைபேசி இலக்கமே இருக்கிறது. அதை அமத்தியும் பார்த்தேன். மறுமுனையில் மனிதக் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். மனிதர் என்றால் "இதுகூடத் தெரியாதோ" என்று நினைப்பார் அல்லவா.

மழை விஷயம் சிறியது. போனில் 80 வீதம் மழை, முகில் படத்தோடு. அன்று பங்குக் கிணற்றில் என் தண்ணி முறை. "மாமா, நீங்கள் இறையுங்கோ, எனக்கு இண்டைக்கு மழை" என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தேன். மழை வந்தது, அச்சுவேலியில். அச்சுவேலிக்கும் உரும்பிராய்க்கும் என்ன பெரிய தூரம்? உதாரணத்துக்கு, கூகுள் டீப்மைண்ட் 2023இல் கொண்டுவந்த கிராப்காஸ்ட் என்ற வானிலை மாதிரி உலகத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு பெட்டியின் பக்கம் சுமார் 28 கிலோமீற்றர். அச்சுவேலி, உரும்பிராய், களப்பு, கடல் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். 2025இல் இந்தியாவில் 3 கோடியே 80 இலட்சம் கமக்காரர்களுக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று இப்படியான மாதிரிகளைக் கொண்டு குறுஞ்செய்தி அனுப்பினார்கள். எப்போது விதைப்பது என்று முடிவெடுக்க அது உதவும். இண்டைக்கு இறைப்பதா விடுவதா என்று கேட்டவன் நான். மாமா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறை நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் எழுதும் முன்னறிவிப்பைப் பேரனைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்கிறவர். அன்றும் கேட்டிருக்கிறார். என் முறையையும் சேர்த்து இறைத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்.

இவ்வளவு பட்டும் அடங்கினேனா? சனசமூக நிலையத்தில் ஒரு சொற்பொழிவு செய்தேன். தலைப்பு: செயற்கை நுண்ணறிவும் எமது விவசாயமும். கேட்டவர்கள் சொல்லித்தான் செய்தேன் என்று எழுத ஆசை. நானே போய்க் கேட்டு வாங்கிய சந்தர்ப்பம். தெலுங்கானாவின் கம்மம் மாவட்டத்தில் சாகு பாகு என்ற திட்டத்தில் 7,000 மிளகாய்க் கமக்காரர்கள் சேர்ந்து, ஏக்கருக்கு 21 வீதம் விளைச்சல் கூடி, மருந்துச் செலவு குறைந்த கதையைச் சொன்னேன். மிளகாய் என்றதும் சபை நிமிர்ந்தது. பின் வாங்கில் இருந்து ஒருவர் கேட்டார்: "அங்கை விக்கிறதுக்கும் வழி செய்து குடுத்தவையோ, இல்லாட்டிப் போன் மட்டுமோ?"

வழி செய்து கொடுத்திருக்கிறார்கள். மண் பரிசோதனை, மிளகாயின் தரம் பார்க்கும் கருவி, வாங்குகிறவர்களோடு தொடர்பு எல்லாம் அந்தத் திட்டத்தில் உண்டு, விலையும் ஏறியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் வாசிக்காமல் விட்டிருந்தேன். "அது... பிறகு ஒருநாள் விரிவாகச் சொல்லுறன்" என்றேன்.

கேள்வி கேட்டவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று எனக்குத் தெரியும். 1970 முதல் 77 வரை, சிறிமா அம்மையார் காலத்தில் இறக்குமதியை மறித்தபோது, மிளகாயும் வெங்காயமும் விற்றுக் கல்வீடு கட்டிய ஊர் இது. 77இல் கதவு திறந்தது, விலை விழுந்தது. அண்மையில் 2023 டிசம்பரில் டில்லி பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது, 2024 மே மாதம் எடுத்தது; அந்த இடைக்குள் இலங்கைச் சந்தையில் வெங்காயம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பனிப்பூச்சியை அடித்துக் காப்பாற்றிய வெங்காயம் என்ன விலைக்குப் போகும் என்பதை டில்லியில் ஒரு கையெழுத்தும் கொழும்பில் ஒரு வர்த்தமானியும் தீர்மானிக்கின்றன. இதைப் போனிடம் கேட்டுப் பார்த்தேன். பீற்றூட் நடச் சொன்னது. என்னைப் போல் கேட்ட எல்லோருக்கும் அதைத்தான் சொல்லியிருக்கும் என்ற புத்தி எனக்கு வந்தது, மருதனார்மடம் சந்தையில் பீற்றூட் குவியலுக்கு நடுவே என் மூட்டையோடு நின்றபோதுதான்.

இனி மானம் போன கதை. கம்பஸ் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். எங்களூர் வெங்காயம், மிளகாயின் நோய்களைப் போன் கண்டுபிடிக்கப் பழக்கப் போகிறார்களாம், அதற்குத் தோட்டத்திலேயே நின்று படம் எடுக்கவேண்டும். "உங்கட தோட்டத்திலை எல்லா நோயும் இருக்கெண்டு அங்காலைத் தோட்டத்து ஐயா சொன்னவர் சேர்" என்றாள் ஒரு பிள்ளை, கள்ளமில்லாமல். எனக்கு முகம் செத்துவிட்டது. சனிக்கிழமை வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுக்கத் தோட்டத்தில் நின்றேன். காய்ந்த தாள், சுருண்ட இலை, புள்ளி விழுந்த செடி ஒன்று விடாமல் பிடுங்கிக் கிடங்கு வெட்டித் தாட்டேன். வரம்புகளைச் செதுக்கினேன். மனைவி தேசிக்காய்த் தண்ணி கரைத்து வைத்தா. பிள்ளைகள் வந்து, வடிவான தோட்டம் சேர் என்று சொல்லி, பாத்தி பாத்தியாகக் குனிந்து தேடி, தேசிக்காய்த் தண்ணியைக் குடித்துவிட்டு, வெறுங்கமராவோடு வேலிக்கு அங்காலே போனார்கள்.

அங்கே மாமா அவர்களுக்கென்றே ஒரு மூலையில் மருந்தடிக்காமல் விட்டு வைத்திருந்தார். இவர்கள் படம் எடுக்க எடுக்க அவர் பெயர் சொல்லிக்கொண்டு போனார். பிள்ளைகள் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதை எழுதினார்கள். "இது பனிப்பூச்சி. இது ஊதாப் பொட்டு. இது கிழங்கழுகல், பிடுங்கி மணந்து பாருங்கோ. இது நோயில்லை, எங்கட தம்பி காத்துப் பாக்காமல் மருந்தடிச்சுக் கருகினது." அந்த நாலாவதையும் எழுதினார்கள். என்னால் ஒரு தனிவகை உண்டாகியிருக்கிறது.

வேலிக்கு இங்காலே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் கணக்கு விளங்கியது. நான் கேட்க வெட்கப்பட்ட மனிதரிடம் இனிப் போன் கேட்டுப் படிக்கப் போகிறது. படித்து முடித்ததும் நான் போனைக் கேட்பேன். மகனுடைய காசு, கூகுளின் மின்சாரம், பிள்ளைகளின் பட்டப்படிப்பு எல்லாம் சேர்ந்து பாடுபட்டு, மாமா சொல்வதை வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கப் போகின்றன.

மாமா போனைத் தேடி வந்ததும் உண்டு. ஒரு கந்தோரிலிருந்து சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்திருந்தது. முந்தியென்றால் சிங்களம் தெரிந்த ஆளைத் தேடி யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போகவேண்டும். படம் எடுத்துக் கேட்டேன். பசளைக் காசுக்கு வங்கிப் புத்தகப் பிரதியும் காணி விபரமும் இன்ன திகதிக்குள் கொடுக்கவேண்டும் என்று தமிழில் கொட்டியது. நான் நம்பவில்லை. ஏற்கெனவே அடி பட்டவன். கொழும்பில் வேலை பார்த்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்துச் சரி. மாமா போனை அப்போதுதான் முதன்முறையாகக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார்.

அதன் பிறகு ஊரில் யாருக்குச் சிங்களக் கடிதம் வந்தாலும் என்னிடம் அனுப்புகிறார். கூலியாகத் தன் தோட்டத்து வெங்காயத்தில் ஒரு பிடியைக் குசினி வாசலில் கொண்டுவந்து தொங்கவிடுவார். "ஆரும் கேட்டால் உம்மட தோட்டத்து வெங்காயம் எண்டே சொல்லும், நான் மறுக்கமாட்டன்" என்று அனுமதியும் தந்திருக்கிறார். மகனுக்கு அதைத்தான் படம் எடுத்து அனுப்பினேன். "பாத்தீங்களா அப்பா, போன் வேலை செய்யுது" என்று உடனே பதில் வந்தது. நான் மறுக்கவில்லை.